பத்து வருடம் உழைத்தவர்களை எப்படிப் பாராட்டுவது? போன வருடம் நாங்கள் செய்த தவறு

கைவிளக்கு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவர்களை ஏற்பாடு செய்து தரும் சிறிய குழு எங்களுடையது. ஸ்கிரைப் என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவும் செய்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது.

போன வருடம் குழு தொடங்கிப் பத்து வருடம் நிறைந்தது. விழா வைத்துப் பத்துப் பேருக்குக் கேடயம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். யார் அந்தப் பத்துப் பேர் என்று பார்க்க எங்களிடம் இருந்தது ஒரு எக்செல் கோப்பு. யார் எத்தனை தேர்வு எழுதிக் கொடுத்தார், எத்தனை மணி நேரம் ஒலிப்பதிவு செய்தார் என்று அதில் இருக்கும். அதை வரிசைப்படுத்தி மேலே வந்த பத்துப் பெயரை எடுத்தோம். பத்து நிமிட வேலை. அன்றைக்கு அது நியாயமான வழியாகவே தோன்றியது, பாரபட்சம் இல்லை பாருங்கள் என்று நானே எல்லோரிடமும் சொன்னேன்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். தேர்வுக்கு முந்தின நாள் இரவு, மறுநாள் எழுதப் போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அவர் போன் செய்வார். எந்த மையம், எந்த வாசல், எத்தனை மணிக்கு, அடையாள அட்டையைப் பையில் வைத்தாயா, பேனா இரண்டு எடுத்துக்கொள், ஒன்று தீர்ந்தால் அந்தப் பிள்ளைதான் தவிக்கும். இதையே இருபது பேரிடமும் இருபது முறை சொல்வார். யாருக்காவது திடீரென்று காய்ச்சல் என்றால் அந்த ராத்திரியிலேயே மாற்று ஆள் பிடித்துவிட்டுத்தான் தூங்கப் போவார். ஒன்பது வருடம் இப்படி. அவருக்குக் கையில் நடுக்கம் உண்டு, அதனால் ஒரு தேர்வுகூட அவர் எழுதிக் கொடுத்ததில்லை. எக்செல்லில் அவர் பெயருக்கு நேரே இரண்டு பூஜ்யம்.

விழாவன்று முதல் ஆளாக வந்து நாற்காலிகளைப் போட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்து பத்துப் பேருக்கும் கைதட்டினார். அடுத்த தேர்வுக் காலம் வந்தபோது, இந்தத் தடவை முடியாதுப்பா, வீட்டில் கொஞ்சம் வேலை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் சரி அக்கா என்று விட்டுவிட்டேன். அந்தப் பருவத்தில் இரண்டு மாணவர்களுக்கு எழுத ஆள் வரவில்லை. ஒருவர் தேதியை மாற்றி நினைத்துக்கொண்டார், இன்னொருவர் வேறு வாசலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டுமே ஒரு போனில் சரியாகியிருக்கும். பத்து வருடத்தில் முதல் தடவை. மையத்தின் வாசலில் ஒரு பையன் தன் நுழைவுச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

டிசம்பர் 5 உலகத் தன்னார்வலர் நாள். 1985இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. அந்த நாளை ஒட்டி இந்த வருடமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று குழுவில் பேச்சு வந்திருக்கிறது. பாதிப் பேர் விழாவே வேண்டாம் என்கிறார்கள், மீதிப் பேர் விருதை இருபதாக்கு என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. உங்கள் இடத்தில் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.


பின்வரிசை எழுதியது:

என் வாக்கு விழா வேண்டாம் என்பவர்களுக்கு. மேடை வந்தால் கூடவே போட்டியும் வரும், போட்டி வந்த இடத்தில் சேவை தங்காது. இருபத்திரண்டு வருடமாக ஒரு முதியோர் இல்லத்துக்கு ஞாயிறுதோறும் போகிறேன், முடி வெட்டிவிடுவேன், நகம் வெட்டிவிடுவேன். ஒருவரும் எனக்குக் கேடயம் கொடுத்ததில்லை, நான் எதிர்பார்த்ததும் இல்லை. பாராட்டுக்காகச் செய்பவர் பாராட்டு நின்றதும் நின்றுவிடுவார். அந்த அக்காவும் உண்மையில் வேறு காரணத்துக்காகவே நின்றிருக்கலாம், நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.


செங்குருதி எழுதியது:

கைவிளக்கு, உங்கள் எக்செல் கதையைப் படித்ததும் எங்கள் முகாம்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் ரத்ததான முகாம் நடத்துகிறோம். இந்தத் துறையில் எண்ணிக்கைதான் எல்லாம். பத்து முறை, இருபத்தைந்து முறை, ஐம்பது முறை என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு பதக்கம். ஜூன் 14 உலக ரத்ததான நாள், ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் பிறந்த நாள் அது, அன்றைக்குத்தான் எங்கள் பாராட்டு விழாவும்.

எண்ணிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார், 2025இல், 88 வயதில் காலமானார். சிறு வயதில் பெரிய அறுவை சிகிச்சை, அப்போது யார் யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் பிழைத்தார். அதனால் 18 வயதானதும், 1954இல், தானும் கொடுக்க ஆரம்பித்து 81 வயது வரைக்கும் 1,173 முறை கொடுத்தார். அவருடைய பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியில், ஆன்டி-டி என்ற எதிர்ப்பொருள் இருந்தது. தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ் ரத்த வகை, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்றால் தாயின் உடலே பிள்ளையின் ரத்த அணுக்களை அழிக்கப் பார்க்கும், அதைத் தடுக்கும் ஊசி இந்த எதிர்ப்பொருளிலிருந்துதான் தயாராகிறது. அந்த மனிதர் ஒருமுறைகூடத் தன் கையில் ஊசி ஏறுவதைப் பார்த்ததில்லையாம், பயம், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாராம். 1,173 என்ற எண்ணைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. அத்தனை முறையும் பயந்துகொண்டே போயிருக்கிறார்.

இப்போது எங்கள் முகாமில் ஒரு பெண். நான்கு முகாம்களுக்கு வந்தார். நான்கு தடவையும் விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பினோம். ஒவ்வொரு தடவையும் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்தவர். ஐந்தாவது தடவைதான் எடுத்துக்கொண்டோம். அட்டையில் என்ன இருக்கும்? ஒன்று. அவ்வளவுதான். உடம்பு இடம் கொடுத்தவருக்கு ஐம்பது, இடம் கொடுக்காதவருக்கு ஒன்று, ஆனால் கிளம்பி வந்த மனசு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு நாங்கள் வந்த தடவைகளையும் எழுத ஆரம்பித்தோம். திரும்பிப் போகிறவருக்கும் அன்றைக்கே ஒருவர் தனியாக உட்கார்ந்து, நீங்கள் வந்ததற்கு நன்றி, இதை இதைச் சரிசெய்துகொண்டு மறுபடி வாருங்கள் என்று சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பதக்கம் பழையபடி தொடர்கிறது. ஆனால் இந்த ஐந்து நிமிடப் பேச்சுக்குப் பிறகு திரும்பி வருபவர்கள் கூடியிருப்பதை என் கண்ணாலேயே பார்க்கிறேன்.


மழைமேகம் எழுதியது:

பின்வரிசை அண்ணா, உங்கள் இருபத்திரண்டு வருடத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் "உண்மையான சேவகர் எதையும் எதிர்பார்க்க மாட்டார்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. நான் எதிர்பார்க்கவில்லை என்று உழைப்பவர் சொல்லலாம், அது அவர் பெருந்தன்மை. உழைப்பை வாங்கிக்கொள்பவர் அதையே சொன்னால் அது வேறு. நான் இருந்த ஒரு அமைப்பில் இதையே சொல்லித்தான் நான்கு வருடம் பேருந்துக் கட்டணம்கூடத் தரவில்லை. கேட்டால் சேவைக்குக் கணக்கா என்பார்கள். வருட முடிவில் ஒரு சான்றிதழ் வரும், அதிலும் இரண்டு வருடம் என் பெயரில் எழுத்துப்பிழை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கைவிளக்கு சொன்ன அக்கா எல்லா அமைப்பிலும் இருக்கிறார். போன் செய்வது, பட்டியல் எழுதுவது, வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்ப்பது, முடிந்ததும் இடத்தைக் கூட்டிப் பெருக்குவது. இதைச் செய்பவர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் பெண்கள். அப்புறம் மேடையில் நிற்பவர்களையும் எண்ணிப் பாருங்கள். யாரும் திட்டம் போட்டு ஒதுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கணக்கில் எதை எழுத வேண்டும் என்று முடிவு செய்யும்போது அந்த வேலைகள் வேலையாகவே யாருக்கும் தோன்றுவதில்லை, அங்கேதான் ஒதுக்கல் நடந்துவிடுகிறது.

முதலில் செலவைத் திருப்பிக் கொடுங்கள், பெயரைச் சரியாக எழுதுங்கள், ராத்திரி வேலை முடிந்தால் வீடு போய்ச் சேர வழி செய்யுங்கள். இதையெல்லாம் செய்யாமல் மேடையில் என்ன கொடுத்தாலும் அதை வாங்குபவருக்கு உள்ளே கசக்கும்.


தராசு எழுதியது:

மழைமேகம் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு சின்னச் சேர்க்கை மட்டும். செலவைத் திருப்பிக் கொடுப்பது வேறு, கூலி கொடுப்பது வேறு. முதலாவது கடமை. இரண்டாவதில் கவனம் வேண்டும். சுவீடனில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தம் கொடுக்க முன்வருபவர்களுக்குச் சிறு தொகை தருவதாகச் சொன்னபோது பெண்களில் முன்வந்தவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். அதே தொகையை ஒரு நற்பணிக்குக் கொடுத்துவிடலாம் என்றதும் அந்தக் குறைவு மறைந்துவிட்டது. காசு வந்ததும் அது தானம் இல்லை, விற்பனை என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

நான் உளவியல் படித்தவன், பாராட்டு பற்றி வந்த ஆய்வுகளை ஆர்வத்தோடு படிப்பேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் செய்த சோதனை ஒன்று உண்டு. ஏற்கெனவே படம் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இன்னொரு பகுதிக்கு எதுவும் சொல்லாமல், வரைந்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து விளையாட்டு நேரத்தில் யார் தானாக வரைகிறார்கள் என்று பார்த்தால், பரிசு கிடைக்கும் என்று தெரிந்து வரைந்த பிள்ளைகள்தான் வரைவதில் ஆர்வம் குறைந்திருந்தார்கள். சொல்லாமல் கொடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

இதைப் பிடித்துக்கொண்டுதான் பலர் விருதே கூடாது என்கிறார்கள், ஆனால் அதே சோதனை அந்த வாதத்தையும் உடைக்கிறது. சான்றிதழ் ஒன்றேதான். இதைச் செய்தால் இது கிடைக்கும் என்று முன்னால் தொங்கவிட்டால் கெடுக்கிறது, செய்ததைப் பார்த்துவிட்டு வந்து கொடுத்தால் கெடுக்கவில்லை. விக்கிப்பீடியாவிலும் இப்படித்தான். அங்கே எழுதுபவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் பதக்கப் படம் ஒட்டி நன்றி சொல்வார்கள். காசு மதிப்பு ஒன்றும் கிடையாது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மிக அதிகமாக உழைக்கும் ஒரு சதவீதப் பயனர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் அந்தப் பதக்கத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், பெற்றவர்கள் அடுத்த மூன்று மாதத்தில் மற்றவர்களைவிட ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம் உழைத்தார்கள். ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அடுத்த மாதமும் தொடர்ந்தவர்கள் 20 சதவீதம் கூடினார்கள். இது 2017இல் வந்தது. மூத்தவர்களை மட்டுமே பாராட்டும் குழுக்கள் இந்த இரண்டாவது ஆய்வைக் கவனிக்க வேண்டும். புதிதாக வந்தவர் முதல் மாதத்திலேயே, இங்கே நம்மை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டால் அவரைப் பத்தாம் வருடக் கேடயத்துக்கு நீங்கள் தேட வேண்டியிருக்காது.


நடுநிசி எழுதியது:

எங்கள் சிக்கல் உங்கள் எல்லோருடையதிலிருந்தும் வேறு. தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவர்களுக்கான தொலைபேசி உதவி மையத்தில் ராத்திரிப் பணி பார்க்கிறேன். நாங்கள் என்ன செய்தோம் என்பதை வெளியே சொல்லவே கூடாது. போன மாதம் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஒரே அழைப்பில் மூன்று மணி நேரம் இருந்தார். அதில் பாதி நேரம் இரண்டு பக்கமும் பேச்சே இல்லை. நான் இங்கேயே இருக்கிறேன் என்று மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தார். விடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினார், காது சிவந்து கன்றிப்போயிருந்தது. இதை எந்த மேடையில் யார் போய்ச் சொல்வது? இங்கே எழுதியதுகூட அழைத்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதால்தான்.

அதனால் எங்களிடம் பாராட்டு என்றால் பணி முடிந்ததும் நடக்கும் பேச்சுதான். மூத்தவர் ஒருவர் அந்த நேரத்துக்கு எழுந்து வந்து எங்களோடு உட்காருவார், அல்லது போன் செய்வார். எப்படி இருந்தது, எந்த இடத்தில் கனமாக இருந்தது, வீட்டுக்குப் போய்த் தூங்க முடியுமா என்று கேட்பார். அந்த மூத்தவரும் தன்னார்வலர்தான், அதிகாலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருப்பவர். எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய மரியாதை அதுதான்.

இந்தத் துறையின் தொடக்கமே இந்த இழைக்குப் பொருத்தமாக இருக்கும். 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் இப்படியொரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். தான்தான் ஆலோசனை சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார். அவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களோடு சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, தேநீர் கொடுக்கச் சில தன்னார்வலர்கள் இருந்தார்கள். கொஞ்ச நாளில் அவரே கவனித்தார், காத்திருந்தவர்களில் பலர் அந்தத் தன்னார்வலர்களிடம் மனம்விட்டுப் பேசி முடித்து, தன்னைப் பார்க்காமலே ஆறுதலோடு திரும்பிப் போகிறார்கள் என்று. 1954 பிப்ரவரியில் தொலைபேசியையே அவர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் நிலைபெற்றது. அவர் அந்தத் தன்னார்வலர்களுக்குச் செய்ததைவிடப் பெரிய கௌரவம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் வேலைதான் இங்கே முக்கியமான வேலை என்று புரிந்துகொண்டு தான் ஒதுங்கி நின்றார்.


ஓரத்துமேசை எழுதியது:

சுருக்கமாக ஒன்று. எதைக் கொடுப்பதற்கு முன்பும் அவரிடமே கேட்டுவிடுங்கள். எனக்குக் கூட்டத்தில் பெயரைக் கூப்பிட்டால் கைகால் உதறும். ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் மேடைக்கு அழைத்து, இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை நீட்டிவிட்டார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். ஆனாலும் அடுத்த இரண்டு மாதம் அந்தப் பக்கம் என்னால் போகவே முடியவில்லை. அதே குழுவில் ஒருவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்த நான்கு வரி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. "நீங்கள் அடுக்கி வைத்த பிறகுதான் எங்களுக்கு மருந்துப் பெட்டிகள் இருட்டிலும் கைக்குக் கிடைக்கின்றன" என்று அதில் ஒரு வரி. சேவைச் செம்மல் என்ற பட்டத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். இந்த வரி எனக்கு மட்டும்தான் பொருந்தும்.


பழையபாதை எழுதியது:

வரலாற்றிலிருந்து இரண்டு சேதி சொல்கிறேன். ஒன்று வருத்தமானது.

செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்ட ஹென்றி டுனான்ட். 1859இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கவனிப்பாரின்றிக் கிடந்ததைப் பார்த்து, பக்கத்து ஊரான காஸ்டிலியோனேவில் இருந்த மக்களைத் திரட்டிக் காயம்பட்டவர்களைக் கவனித்தார். எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காமல் தண்ணீர் கொடுத்துக் கட்டுப் போட்டவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். "எல்லோரும் சகோதரர்கள்" என்பதுதான் அவர்கள் சொன்ன வார்த்தை. டுனான்டைக்கூட உலகம் பிறகு மறந்துபோனது. தொழில் நொடித்து, தான் தொடங்கிய இயக்கத்திலிருந்தே விலக்கப்பட்டு, வறுமையில் அலைந்து, கடைசியில் சுவிட்சர்லாந்தில் ஹைடன் என்ற கிராமத்து மருத்துவமனையில் ஒரு அறையில் இருந்தவரை 1895இல் ஒரு பத்திரிகையாளர் எழுதித்தான் உயிரோடு இருக்கிறார் என்றே பலருக்குத் தெரிந்தது. 1901இல் முதல் அமைதி நோபல் பரிசு அவருக்கும் பிரான்ஸின் அமைதி ஆர்வலர் பிரெடெரிக் பாசிக்கும் கிடைத்தது. பரிசு வந்தது நல்லது. ஆனால் நடுவில் போன முப்பது வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? விலகிப்போனவரை உடனே போய்ப் பாருங்கள் கைவிளக்கு, டிசம்பர் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று சிட்னி. 2000 ஒலிம்பிக் முடிந்த பிறகு அந்த மைதான வளாகத்தில் உயரமான கம்பங்களை நட்டு, அங்கே உழைத்த தன்னார்வலர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். 70,000க்கும் மேற்பட்ட பெயர்கள். சிறந்த நூறு பேர் என்று பொறுக்கி எடுக்கவில்லை. வழிகாட்டிப் பலகை பிடித்து வெயிலில் நின்றவரும் அங்கே போய்த் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துப் பிள்ளைகளிடம் தொட்டுக் காட்டலாம்.


விரல்நுனி எழுதியது:

இந்த இழையைத் திரைவாசிப்பான் வைத்து முழுக்கக் கேட்டேன். நான் அந்தப் பக்கத்து ஆள். பள்ளியிலிருந்து முதுகலை வரைக்கும் எல்லாத் தேர்வையும் எனக்கு யாரோ எழுதிக் கொடுத்தார்கள்.

நல்ல ஸ்கிரைப் யார் என்று எங்களுக்குத் தெரியும், உங்கள் கோப்புக்குத் தெரியாது. கேள்வியை அவசரமில்லாமல் இரண்டு தடவை படிப்பார். நான் யோசிக்கும்போது பேனாவை மேசையில் தட்ட மாட்டார். எங்கே விட்டேன் என்று கேட்டால் கடைசி வரியைத் திருப்பிப் படிப்பார், சலிப்பு இருக்காது. ஒரு வரலாற்றுத் தேர்வில் பிரெஞ்சுப் புரட்சி 1789 என்பதற்குப் பதில் பதற்றத்தில் 1798 என்று சொல்லிவிட்டேன். பேனா ஒரு நொடி நின்றது, அது எனக்குக் கேட்டது. ஏன் நின்றது என்று புரியவில்லை. பிறகு எழுதினார். பத்தி முடிந்ததும் வழக்கம்போல முழுக்கத் திருப்பிப் படித்தார், 1798 வரும்போது குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. நானும் கவனிக்காமல் மேலே போய்விட்டேன். வெளியே வந்து நண்பர்களோடு பேசும்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார். "எனக்குத் தெரிந்தது, ஆனால் அது உங்கள் விடைத்தாள்" என்றார். அவருக்குத் தொண்டை அடைத்திருந்தது. அந்த மதிப்பெண் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அன்று வரைக்கும் என்னைப் பாவம் என்று பார்த்தவர்களே அதிகம். என் தப்பை என் தப்பாக விட்ட முதல் ஆள் அவர். அவருடைய பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, இன்று வரைக்கும் அது உறுத்துகிறது.

யாரைப் பாராட்டலாம் என்று எந்த அமைப்பும் இதுவரை எங்களிடம் கேட்டதில்லை. கேட்டால் சொல்வோம். விழாவுக்குக் கூப்பிடுவார்கள், மேடையில் நன்றி சொல்லச் சொல்வார்கள், அது எனக்குப் பிடிக்காது, காட்சிப்பொருள் மாதிரி இருக்கும். ஆனால் ஐந்து நிமிடம் குரலில் பதிவு செய்து கொடு என்றால் இன்றைக்கே கொடுப்பேன்.

அப்புறம், அந்த அக்காவின் வேலையை நான் செய்யலாமே என்று தோன்றுகிறது. போன் செய்யக் கண் வேண்டாம். முந்தின ராத்திரி ஆள் வருவாரா மாட்டாரா என்று தூக்கம் வராமல் படுத்திருந்த அனுபவம் எனக்கு இருக்கிறது, அதனால் ஒருவரையும் விட மாட்டேன்.


பின்வரிசை எழுதியது:

விரல்நுனி தம்பி எழுதியதை மூன்று முறை படித்தேன். விழா எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அதில் மாற்றமில்லை. ஆனால் நான் முதலில் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். எதையும் எதிர்பார்த்ததில்லை என்றேன். இல்லத்தில் ஒரு பெரியவர், பேச்சு போய்விட்டது, ஞாயிறு காலையில் நான் வரும் நேரத்துக்குத் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிக் கையால் காட்டுவாராம். ஒரு செவிலியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், பதினைந்து வருடம் முன்னால். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இத்தனை வருடம் போயிருப்பேனா என்று இன்றைக்கு யோசித்தேன். நேர்மையாகச் சொன்னால் தெரியவில்லை.


கைவிளக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழையபாதை சொன்னபடி காத்திருக்காமல் நேற்று சாயங்காலம் அக்காவைப் போய்ப் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். கேடயம் விஷயம் என்று ஆரம்பித்ததும் கையை ஆட்டி நிறுத்திவிட்டார். "கேடயத்துக்காக நிற்கவில்லைப்பா. அன்றைக்கு மேடையில் நீ, பத்து வருடமாக ஒரு பிள்ளையும் ஆள் இல்லாமல் தேர்வை விட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னாய். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஏன் விட்டதில்லை என்பது உனக்கே தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது." கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் சொன்னது முழு உண்மை, எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்புறம் உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். ஒன்பது வருடக் குறிப்பு. ஒவ்வொரு ஸ்கிரைப் பெயருக்கும் எதிரே இரண்டு மூன்று வரி, நடுங்கும் கையெழுத்தில். இவர் பத்து மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார், மனைவி எண் இது. இவருக்கு வேகமாகச் சொன்னால் எழுத வராது, நிதானமாகச் சொல்லும் பிள்ளைக்குக் கொடு. இவருக்குக் கைக்குழந்தை, காலைத் தேர்வு வேண்டாம். இந்த மையத்தில் பின் வாசல் பூட்டியிருக்கும். நாங்கள் மென்பொருள் போட்டுச் செய்ய வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கும் வேலை முழுக்க அந்த நோட்டில் இருக்கிறது.

உங்களுக்கு என்ன செய்தால் பிடிக்கும் அக்கா என்று நேராகவே கேட்டேன். ஓரத்துமேசை, உங்கள் யோசனைதான். மூன்று விஷயம் சொன்னார். ராத்திரி நேரத்தில் தனியாக இருபது போன் செய்யக் குரல் போய்விடுகிறது, கூட ஒரு ஆள் வேண்டும். நோட்டை யாராவது முழுக்கப் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டும், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இது தன்னோடு போய்விடக் கூடாது. மூன்றாவதைத் தயங்கித்தான் சொன்னார். தேர்வு எழுதி முடித்த பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்று ஒருவரும் தன்னிடம் வந்து சொன்னதில்லையாம், முடிந்த அன்று சாயங்காலம் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

குழுவில் பேசிவிட்டோம். இந்த வருடம் பத்துப் பேர் பட்டியல் கிடையாது. உழைத்த எல்லோர் பெயரும், அவரவர் செய்த வேலையை ஒரு வரியில் எழுதி, அலுவலக அறைச் சுவரில் வைக்கிறோம். பிரெயிலிலும் இருக்கும். பெயர் வேண்டாம் என்பவர்களைக் கேட்டுவிட்டு விடுகிறோம். அந்த ஒரு வரியை நாங்கள் எழுதப் போவதில்லை, மாணவர்களிடமும் கூட வேலை பார்த்தவர்களிடமும் கேட்டு வாங்குகிறோம், அதற்கே இரண்டு மாதம் ஆகும் போலிருக்கிறது, ஆகட்டும். பயணச் செலவுக்குத் தனியாக ஒரு தொகையும் ஒதுக்கியிருக்கிறோம் மழைமேகம், இதைப் பல வருடம் முன்பே செய்திருக்க வேண்டும். டிசம்பரில் கூடுவோம், மேடை இல்லாமல்.

அக்கா இந்தப் பருவத்துக்கு வருகிறார், கூட ஒரு ஆள் இருந்தால்.

விரல்நுனி தம்பி, உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு அக்கா உங்களைக் கூப்பிடுவார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். புது எண்ணாக இருக்கும், எடுத்துவிடுங்கள்.